பிளஸ் டூ முடிவதற்குள்: டெல்டா மாணவர்கள் பள்ளியில் இருக்கும்போதே முடித்துக்கொள்ள வேண்டியவை

பிளஸ் டூ என்றால் கையில் பத்து மாதம் இருக்கிறது என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். ஜூனில் பள்ளி திறக்கிறது, மார்ச்சில் பொதுத்தேர்வு. ஆனால் தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை பக்கம் அந்தப் பத்து மாதம் முழுசாக யாருக்கும் கிடைப்பதில்லை. மழை கொஞ்சம் எடுத்துக்கொள்ளும், திருவிழா கொஞ்சம், அறுவடை கொஞ்சம். மிச்சத்தில்தான் படிப்பு, ரெக்கார்டு நோட்டு, சான்றிதழ் எல்லாம் நடக்க வேண்டும்.

நான் படித்தபோது எதை எப்போது வாங்க வேண்டும் என்று சொல்ல வீட்டில் ஆளில்லை. பள்ளியை விட்டு வெளியே வந்த பிறகு ஒவ்வொரு காகிதத்துக்கும் அலைந்தேன். பின்னால் தங்கைக்கும் சித்தப்பா மகனுக்கும் அதையே வரிசைப்படுத்திச் செய்ததில் பாதி அலைச்சல் மிச்சமானது. 600க்கு 590 எடுப்பது எப்படி என்பதெல்லாம் இங்கே கிடையாது. அதைச் சொல்ல வேறு ஆட்கள் இருக்கிறார்கள். பள்ளிக்குள் இருக்கும்போது சுலபமாக நடந்து, வெளியே வந்ததும் மலையாகிவிடும் வேலைகளைப் பற்றி மட்டும் சொல்கிறேன். அரசுப் பள்ளி, அரசு உதவிபெறும் பள்ளி மாணவர்களை மனதில் வைத்து எழுதுகிறேன்.

1. காலண்டரில் நாட்களைக் கழியுங்கள்

ஜூன் மாதமே ஒரு தாள் எடுத்து எழுதிப் பாருங்கள். செப்டம்பரில் காலாண்டுத் தேர்வு, டிசம்பரில் அரையாண்டு, ஜனவரியில் திருப்புதல் தேர்வுகள், பிப்ரவரியில் செய்முறைத் தேர்வு, மார்ச்சில் பொதுத்தேர்வு. இதில் அக்டோபர் நடுவிலிருந்து டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. காலையில் ஏழு மணிக்கு ஆட்சியர் விடுமுறை அறிவிப்பு வந்துவிட்டதா என்று போனைப் பார்க்கும் மாதங்கள் இவை. நாகையிலும் திருவாரூரிலும் ஒரு புயல் சின்னம் உருவானால் ஒரு வாரம் போய்விடும். அதற்கு மேல் உள்ளூர் விடுமுறைகள்: தஞ்சையில் ஐப்பசி சதய விழா, மயிலாடுதுறையில் கடைமுகம், திருவையாற்றில் ஜனவரியில் ஆராதனை. இவற்றுக்கெல்லாம் ஒரு சனிக்கிழமை ஈடு வேலைநாள் வைப்பார்கள். அன்றைக்குப் பாதி வகுப்பு வராது. நீங்கள் போங்கள். ஆள் குறைவாக இருக்கும் அந்த நாளில்தான் ஆசிரியர் உட்கார்ந்து பேசுவார்.

விவசாயக் குடும்பமாக இருந்தால் இன்னொன்றும் உண்டு. சம்பா அறுவடை பொங்கலை ஒட்டி ஆரம்பித்து பிப்ரவரி வரை இழுக்கும். நெல்லைக் கொள்முதல் நிலையத்தில் கொட்டிவிட்டு, எடை போடும் வரை குவியலுக்குக் காவல் இருக்க வேண்டும். அப்பாவுக்கு மாற்றாக அந்த இரவுக் காவல் பெரும்பாலும் பிளஸ் டூ படிக்கிற பையன் தலையில்தான் விழும். இதைப் பற்றி வீட்டில் நவம்பரிலேயே பேசிவிடுங்கள். மாமாவோ பெரியப்பாவோ யாராவது ஒருவர் அந்த இரண்டு வாரத்துக்கு ஒத்துக்கொண்டால் போதும். மூட்டை களத்துக்கு வந்த பிறகு பேசினால் சண்டையில்தான் முடியும்.

எல்லாவற்றையும் கழித்தால் நிம்மதியாக வேலை செய்யக் கிடைப்பது ஜூன், ஜூலை, ஆகஸ்ட், செப்டம்பர் பாதி. அவ்வளவுதான். காகித வேலைகளை அதற்குள் தள்ளுங்கள்.

2. பெயரும் பிறந்த தேதியும்: நாமினல் ரோல் போவதற்கு முன்

பொதுத்தேர்வுக்கு மாணவர் பட்டியல் தயாரிப்பதை நாமினல் ரோல் என்பார்கள். மதிப்பெண் சான்றிதழில் என்ன அச்சாக வேண்டுமோ அது இந்தப் பட்டியலில் இருந்துதான் போகிறது. பெயர், இனிஷியல், பிறந்த தேதி, பெற்றோர் பெயர், புகைப்படம், தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுத்துக்கூட்டல். அரையாண்டுத் தேர்வுக்கு முன்பாகவே இந்த வேலை தொடங்கிவிடும். வகுப்பாசிரியர் ஒரு நகலைக் கொடுத்து, "பாத்துட்டுக் கையெழுத்துப் போடுங்க" என்பார். மணி அடிக்கும் நேரமாக இருக்கும். எல்லோரும் பார்க்காமலே போடுவார்கள்.

அந்த நாளுக்குக் காத்திருக்காதீர்கள். ஜூலையிலேயே நான்கு காகிதங்களை ஒரு பாயில் பரப்பி வைத்துப் பாருங்கள்: பிறப்புச் சான்றிதழ், ஆதார், பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழ், சாதிச் சான்றிதழ். நான்கிலும் ஒரே பெயர், ஒரே இனிஷியல், ஒரே எழுத்துக்கூட்டல் இருக்கிறதா? நம் பக்கம் அடிக்கடி இடறும் இடங்கள் சில உண்டு. அப்பா பெயர் ரேஷன் கார்டில் ஒன்று, ஆதாரில் ஒன்று. 'த'வுக்கு ஒரு இடத்தில் எச் போட்டிருப்பார்கள், இன்னொரு இடத்தில் இருக்காது. ஆதாரில் இனிஷியல் இருக்க வேண்டிய இடத்தில் அப்பாவின் முழுப்பெயர் இருக்கும்.

எதை எதற்கு ஏற்ப மாற்றுவது? பத்தாம் வகுப்புச் சான்றிதழில் உள்ளதை அடித்தளமாக வைத்துக்கொண்டு, ஆதாரை அதற்கு ஏற்ப மாற்றுவதுதான் சுலபம். பத்தாம் வகுப்புச் சான்றிதழிலேயே எழுத்துப் பிழை இருந்தால் தலைமையாசிரியரிடம் இப்போதே எழுதிக் கொடுங்கள். பள்ளி வழியாகத் தேர்வுத் துறைக்குப் போகும். பிறந்த தேதி மட்டும் கடினம். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் ஏறிவிட்ட தேதியை அத்தனை சீக்கிரம் யாரும் தொட மாட்டார்கள். அதனால் ஆதாரில் தேதி வேறாக இருந்தால் ஆதாரை மாற்றுங்கள்.

ஆதார் மையத்துக்குப் போகும்போதே 15 வயதுக்குப் பிந்தைய கைரேகைப் புதுப்பித்தல் முடிந்திருக்கிறதா என்றும் கேளுங்கள். சின்ன வயதில் எடுத்த ரேகையே இருந்தால், நுழைவுத் தேர்வு மையத்திலோ வங்கியிலோ விரல் வைக்கும்போது ஒத்துப்போகாமல் நிற்க நேரும்.

3. வருவாய்த் துறைச் சான்றிதழ்கள்: எதை ஜூலையில், எதை ஏப்ரலில்

அலைச்சலில் பெரும்பகுதி இங்கேதான். நேரம் பார்த்துச் செய்தால் இவ்வளவு சுலபமா என்று தோன்றும். நேரம் தவறினால் அழ வைத்துவிடும்.

விண்ணப்பிப்பது இ-சேவை மையத்தில். ஒரு சான்றிதழுக்கு 60 ரூபாய். சாதிச் சான்றிதழ், இருப்பிடச் சான்று, வருமானச் சான்று, முதல் பட்டதாரிச் சான்று எல்லாம் இதே வழிதான். முதலில் உங்கள் விவரங்களைப் பதிந்து, கேன் எண் என்ற அடையாள எண் ஒன்றை உங்கள் பெயரில் உருவாக்குவார்கள். அதில் கொடுக்கும் செல்போன் எண் உங்கள் வீட்டு எண்ணாக இருக்க வேண்டும். சில மையங்களில் அவசரத்துக்குத் தங்கள் எண்ணையே போட்டுவிடுவார்கள். அப்புறம் குறுஞ்செய்தி எல்லாம் அவர்களுக்குப் போகும். விண்ணப்பம் திருப்பி அனுப்பப்பட்டதே உங்களுக்குத் தெரியாது. திரையில் எண்ணைப் படித்துப் பார்த்துவிட்டு எழுந்திருங்கள். 60 ரூபாய்க்கு மேல் கேட்டால் ரசீதில் என்ன போட்டிருக்கிறது என்று பாருங்கள். ஜெராக்ஸ், ஸ்கேன் காசு வேறு, விண்ணப்பக் கட்டணம் வேறு.

விண்ணப்பம் அங்கிருந்து கிராம நிர்வாக அலுவலருக்கும், வருவாய் ஆய்வாளருக்கும், பிறகு தாலுகா அலுவலகத்துக்கும் போகும். சாதிச் சான்றிதழில் பிற்படுத்தப்பட்ட, மிகவும் பிற்படுத்தப்பட்ட வகுப்பினருக்கு மண்டலத் துணை வட்டாட்சியரும், பட்டியல் வகுப்பினருக்கு வட்டாட்சியரும், பழங்குடியினருக்குக் கோட்டாட்சியரும் ஒப்புதல் தருவார்கள். ஆக எல்லாவற்றுக்கும் முதல் வாசல் வி.ஏ.ஓ. அவர் பார்த்துப் பரிந்துரைக்காமல் மேலே எதுவும் நகராது.

டெல்டாக்காரர்கள் கவனிக்க வேண்டிய விஷயம் இதுதான். அக்டோபர், நவம்பரில் சம்பா பயிர்க் காப்பீட்டுக்கு அடங்கல் (எந்த வயலில் என்ன பயிர் என்ற பதிவு) கேட்டு ஊரே வி.ஏ.ஓ. அலுவலகத்தில் நிற்கும். காப்பீட்டுக்குக் கடைசி நாள் வழக்கமாக நவம்பர் நடுவில் வரும். அந்த வாரங்களில் அங்கே போய்ப் பாருங்கள்: மேசை மேல் சிட்டா நகல்களும் ஆதார் நகல்களும் ரப்பர் பேண்டு போட்டுக் கட்டுக்கட்டாகக் கிடக்கும், வாசலில் சைக்கிளும் டிவிஎஸ் எக்ஸெல்லும் வரிசையாக நிற்கும், உள்ளே நிற்கும் ஒவ்வொருவர் கையிலும் சர்வே எண் எழுதிய ஒரு துண்டுச் சீட்டு இருக்கும். அதற்கு நடுவில், "சார், முதல் பட்டதாரிச் சான்று" என்றால், "தம்பி, மழை ஓயட்டும், வா" என்றுதான் பதில் வரும். அவர்மேல் தப்பில்லை. மழை கொட்டிவிட்டால் பயிர்ச் சேதக் கணக்கு எடுக்க வயலில் நிற்பார். ஜனவரியில் கொள்முதல் நிலையத்துக்கான சான்று கேட்டு மறுபடி கூட்டம். மே, ஜூனில் ஜமாபந்தி என்ற வருடாந்தர வருவாய்க் கணக்குச் சரிபார்ப்பு.

ஆகவே ஜூலை, ஆகஸ்ட். குறுவை நட்டு முடித்து, சம்பா நாற்றங்கால் வேலை சூடுபிடிக்கும் முன். அப்போது விண்ணப்பித்தால் விண்ணப்ப நகலோடு ஒரு தடவை வி.ஏ.ஓ.வை நேரில் பார்த்து விவரம் சொல்லவும் நேரம் இருக்கும்.

இந்தச் சமயத்தில் எடுக்க வேண்டியவை இரண்டு. முதலாவது, டிஜிட்டல் கையொப்பம் உள்ள சாதிச் சான்றிதழ். வீட்டில் பழைய கையெழுத்து அட்டை இருந்தாலும் புதியதை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அப்பாவின் சாதிச் சான்றிதழ், உங்கள் பள்ளிச் சான்று, ரேஷன் கார்டு, ஆதார் இருந்தால் போதும். சாதிப் பெயர் அப்பாவின் சான்றிலும் பள்ளிப் பதிவிலும் ஒரே மாதிரி இருக்கிறதா என்று பாருங்கள். உட்பிரிவுப் பெயர் ஒன்றில் இருந்து இன்னொன்றில் இல்லாவிட்டால் கேள்வி வரும்.

இரண்டாவது, முதல் பட்டதாரிச் சான்று. தாத்தா பாட்டியில் தொடங்கி வீட்டில் யார் என்ன படித்திருக்கிறார்கள் என்று எழுதி, நீங்களும் பெற்றோரும் கையெழுத்திடும் உறுதிமொழி ஒன்று கேட்பார்கள். அண்ணன், அக்காவின் டி.சி. நகலும் கேட்கலாம். ஒரு குடும்பத்தில் ஒருவருக்குத்தான் கட்டணச் சலுகை. அக்கா ஏற்கெனவே அதில் படித்திருந்தால் உங்களுக்குக் கிடையாது. மறைத்தால் சேர்க்கை சமயத்தில் மாட்டும்.

இப்போது எடுக்கக் கூடாதது வருமானச் சான்று. அதற்கு ஆயுள் ஒரு வருடம்தான். ஜூலையில் வாங்கினால், அடுத்த ஜூலையில் கல்லூரியில் உதவித்தொகைக்குக் கேட்கும்போது செத்துப்போயிருக்கும். பொதுத்தேர்வு முடிந்த கையோடு ஏப்ரலில் விண்ணப்பியுங்கள். ஜமாபந்தி தொடங்குவதற்கு முன் வந்துவிடும்.

ஏப்ரல் பட்டியலில் இன்னொன்று ஓ.பி.சி. சான்றிதழ். திருச்சி என்.ஐ.டி., திருவாரூர் நீலக்குடியில் உள்ள மத்தியப் பல்கலைக்கழகம் மாதிரி மத்திய அரசு நிறுவனங்களில் நம் பி.சி., எம்.பி.சி. சான்றிதழ் மட்டும் செல்லாது. கிரீமி லேயர் (வசதி மிகுந்த பிரிவு) இல்லை என்று சொல்லும் ஓ.பி.சி. சான்றிதழ் தனியாக வேண்டும். அதுவும் ஏப்ரல் 1ஆம் தேதிக்குப் பிறகு, அந்த நிதியாண்டுக்கு வாங்கியதாக இருக்க வேண்டும். மார்ச் 28ஆம் தேதி வாங்கிய சான்றோடு போனால் உள்ளே விட மாட்டார்கள்.

இருப்பிடச் சான்று? 8 முதல் 12 வரை தமிழ்நாட்டிலேயே படித்திருந்தால் பொறியியல் கலந்தாய்வுக்கு அது தேவைப்படாது. மருத்துவம் போகும் எண்ணம் இருந்தால் எடுத்து வையுங்கள்.

4. உங்கள் பெயரில் ஒரு வங்கிக் கணக்கு

அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்துவிட்டுப் பட்டம், பட்டயம், ஐ.டி.ஐ. என்று எதில் சேர்ந்தாலும் மாதம் 1,000 ரூபாய் உண்டு. பெண்களுக்குப் புதுமைப் பெண், ஆண்களுக்கு 2024 ஆகஸ்டில் தொடங்கிய தமிழ்ப் புதல்வன். அரசு உதவிபெறும் பள்ளியில் தமிழ்வழியில் படித்தவர்களுக்கும் இப்போது கிடைக்கிறது. விண்ணப்பம் கல்லூரியில்தான். ஆனால் அங்கே முதலில் கேட்பது உங்கள் எமிஸ் எண்ணும் (பள்ளிக் கல்வித் துறைப் பதிவில் உங்களுக்கு உள்ள அடையாள எண்), உங்கள் பெயரிலேயே ஆதார் இணைத்த வங்கிக் கணக்கும்.

அம்மாவோடு சேர்ந்த கூட்டுக் கணக்கை வைத்துக்கொண்டு சேர்க்கை நாளில் நிற்காதீர்கள். கணக்கில் ஆதார் எண்ணை வெறுமனே பதிவது வேறு, அரசுப் பணம் வந்து விழும்படி இணைப்பது வேறு. வங்கியில், "மானியப் பணம் இந்தக் கணக்குக்கு வருமா?" என்று இதே வார்த்தையில் கேளுங்கள். எமிஸ் எண்ணை வகுப்பாசிரியரிடம் கேட்டு நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

5. லேபும் ஆசிரியரும்: இந்த வருடத்தோடு முடிந்துவிடும்

காகிதக் கதை ஒரு பக்கம் இருக்கட்டும். பள்ளியை விட்ட பிறகு காசு கொடுத்தாலும் கிடைக்காதவை சில இருக்கின்றன. அதில் முதலாவது லேப்.

செய்முறை உள்ள பாடங்களில் எழுத்துத் தேர்வுக்கு 70, செய்முறைக்கு 20, அகமதிப்பீட்டுக்கு 10. செய்முறையில் எப்படியும் மதிப்பெண் வந்துவிடும் என்று ரெக்கார்டைப் பார்த்து எழுதுவதோடு பலர் நிறுத்திக்கொள்கிறார்கள். பெரும்பாலான அரசுப் பள்ளிகளில் ஒரு மேசைக்கு ஐந்தாறு பேர். கெட்டிக்காரன் ஒருவன் ப்யூரெட்டைப் பிடித்துக்கொள்வான், மற்றவர்கள் அளவை எழுதுவார்கள். நீங்கள் பிடியுங்கள். பெர்மாங்கனேட் ஊதா நிறத்தில் சொட்டுச் சொட்டாக இறங்கும். கீழே குடுவையை ஆட்டிக்கொண்டே இருந்தால் நிறம் வந்து வந்து மறையும். ஒரு சொட்டில் வெளிர் இளஞ்சிவப்பு அப்படியே தங்கிவிடும். அங்கே கையை நிறுத்த வேண்டும். இன்னும் இரண்டு சொட்டு போனால் அடர்ந்துவிடும், அளவு கெட்டுவிடும். அந்த நிறுத்தம் கைக்குப் பழகினால்தான் வரும். கல்லூரியில் முதல் மாதமே இதைச் செய்யச் சொல்வார்கள். அப்போது தெரியாதவர்கள் முகத்தைப் பார்த்தாலே தெரிந்துவிடும். இயற்பியலில் ஸ்பெக்ட்ராமீட்டரும் அப்படித்தான். மதிய இடைவேளையில் லேபைத் திறந்து விடச் சொல்லி நாலைந்து பேராகப் போய்க் கேட்டால் பெரும்பாலான ஆசிரியர்கள் மறுப்பதில்லை. ஒருவராகப் போனால்தான், "அப்புறம் பாக்கலாம்" என்பார்கள்.

அடுத்தது ஆசிரியர். காலாண்டு விடைத்தாள் கையில் வந்ததும் மதிப்பெண்ணைப் பார்த்துவிட்டுப் பைக்குள் வைக்காதீர்கள். எந்தக் கேள்வியில் மதிப்பெண் போயிருக்கிறதோ அதைத் திறந்து கொண்டுபோய், "சார், இதுல என்ன எழுதியிருந்தா முழுசா வந்திருக்கும்?" என்று கேளுங்கள். பாடத்தில் சந்தேகம் கேட்பதைவிட இது பலன் தரும். பொதுத்தேர்வுத் தாளைத் திருத்தப் போகும் ஆசிரியர்கள் நம் பள்ளியிலேயே இருக்கிறார்கள். எந்த வரிக்கு மதிப்பெண் போடுவார்கள் என்று அவர்களுக்குத் தெரியும்.

இன்னொரு காரணமும் உண்டு. வருடா வருடம் ஆசிரியர்களுக்கு இடமாறுதல் கலந்தாய்வு நடக்கிறது. உங்களை ஆறாம் வகுப்பிலிருந்து அறிந்த ஆசிரியர் நீங்கள் டி.சி. வாங்கப் போகும் நாளில் வேறு மாவட்டத்தில் இருக்கலாம். நன்னடத்தைச் சான்றிலோ உதவித்தொகைப் பரிந்துரையிலோ உங்களைப் பற்றி இரண்டு வரி எழுத ஆள் வேண்டும் என்றால் அவர் இருக்கும்போதே கேட்டு வாங்குங்கள். செல்போன் எண்ணையும் வாங்கிக்கொள்ளுங்கள்.

அகமதிப்பீட்டு 10 மதிப்பெண்ணில் வருகைப் பதிவுக்கும் பங்கு உண்டு. அறுவடைக்காகவோ வீட்டு விசேஷத்துக்காகவோ விடுப்பு எடுத்தால் கடிதம் கொடுத்துவிட்டு எடுங்கள்.

நூலகம் பற்றி நிறையச் சொல்ல ஆசைதான். பல பள்ளிகளில் புத்தகம் பீரோவுக்குள் இருக்கும், சாவி ஒருவரிடம் இருக்கும். அந்த ஒருவர் யார் என்று கண்டுபிடியுங்கள். போதும்.

6. தேர்வுக்கு முன்பே மூடிவிடும் விண்ணப்பங்கள்

ரிசல்ட் வரட்டும், பார்த்துக்கொள்ளலாம் என்பது பொறியியலுக்கும் கலைக் கல்லூரிக்கும் சரி. நுழைவுத் தேர்வு உள்ள படிப்புகளுக்குச் சரிவராது. நீட், ஜே.இ.இ., மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கான க்யூட் எல்லாவற்றுக்கும் பள்ளியில் இருக்கும்போதே விண்ணப்பம் மூடிவிடும். நீலக்குடி பல்கலைக்கழகத்துக்குப் பக்கத்து ஊர்ப் பிள்ளைகளே ஜூனில் போய் வாசலில் நின்று, க்யூட் எழுதியிருக்க வேண்டும் என்று கேட்டுத் திரும்பி வருகிறார்கள். அக்டோபரிலிருந்து வாரம் ஒரு முறை தேசியத் தேர்வு முகமையின் இணையதளத்தைப் பார்க்க வகுப்பில் ஒருவரை நியமித்துக்கொள்ளுங்கள்.

நீட் கட்டணம் கடந்த ஆண்டுகளில் பொதுப் பிரிவுக்கு 1,700, ஓ.பி.சி.க்கு 1,600, எஸ்.சி., எஸ்.டி.க்கு 1,000 ரூபாய். விண்ணப்பத்தில் கொடுக்கும் மின்னஞ்சலும் போன் எண்ணும் கலந்தாய்வு முடியும் வரை உயிரோடு இருக்க வேண்டும். கம்ப்யூட்டர் சென்டர்காரர் தன் மின்னஞ்சலைப் போட்டால் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

7. எங்கே படித்தோம், எந்த மொழியில் படித்தோம்

இந்த இரண்டுக்கும் சான்று வாங்கி வைக்க வேண்டும்.

ஒன்று, 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்ததற்கான சான்று. மருத்துவத்தில் 2020 முதலும், பொறியியல், வேளாண்மை, கால்நடை, மீன்வளம், சட்டம் ஆகியவற்றில் 2021 முதலும் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு இருக்கிறது. கட்டணத்தையும் அரசே கட்டுகிறது. நடுவில் வேறு பள்ளியில் படித்திருந்தால் அந்தப் பள்ளித் தலைமையாசிரியரிடமும் வாங்க வேண்டும். அரசு உதவிபெறும் பள்ளி இதில் சேராது. பலர் இங்கே ஏமாந்துபோகிறார்கள். கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தில் தனியார் பள்ளியில் எட்டாவது வரை படித்து, பிறகு 12 வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு உண்டு.

இரண்டாவது தமிழ்வழிச் சான்று. பி.எஸ்.டி.எம். என்பார்கள். தமிழ்நாடு அரசு வேலைகளில் தமிழ்வழியில் படித்தவர்களுக்கு 20 சதவீதம் முன்னுரிமை. 2020இல் வந்த திருத்தத்துக்குப் பிறகு ஒன்றாம் வகுப்பிலிருந்தே தமிழ்வழியில் படித்ததைக் காட்ட வேண்டும். அதாவது தொடக்கப் பள்ளியிலிருந்தும் சான்று வேண்டும். குரூப் 4 எழுதும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் என்ன ஆகும் என்பதை நான் அனுபவித்திருக்கிறேன். ஆற்றங்கரையில் நான் படித்த தொடக்கப் பள்ளி அதற்குள் பிள்ளைகள் இல்லாமல் வேறு பள்ளியோடு சேர்ந்துவிட்டது. சேர்க்கைப் பதிவேடு எந்தப் பீரோவில் இருக்கிறது என்று சொல்ல யாருக்கும் தெரியவில்லை. கடைசியில் அது கிடைத்தது, கரையான் தொடாத பக்கத்தில் என் பெயர் இருந்தது என் அதிர்ஷ்டம்.

இ-சேவை வழியாகவும் இப்போது விண்ணப்பிக்கலாம். ஆனாலும் பள்ளிப் பதிவேட்டைப் பார்த்துத்தான் ஒப்புதல் வரும். காலாண்டு விடுமுறை முடிந்து தொடக்கப் பள்ளி திறந்ததும் ஒரு நாள் போய்க் கேளுங்கள். நீங்கள் சேர்ந்த வருடம், சேர்க்கை எண், அப்பா பெயர் மூன்றையும் எழுதிக்கொண்டு போனால் தேடுகிறவருக்கு வேலை சுலபம்.

8. ரிசல்ட் நாளிலிருந்து டி.சி. வரை

மே மாதம் ரிசல்ட் வரும். தற்காலிக மதிப்பெண் சான்றிதழை இணையத்தில் எடுத்துவிடலாம், பள்ளியிலும் தருவார்கள்.

மதிப்பெண் குறைவாகத் தோன்றினால் யோசிக்க ஒரு வாரம்கூடக் கிடைக்காது. முதலில் விடைத்தாள் நகல் கேட்க வேண்டும். சில ஆண்டுகளாகப் பாடத்துக்கு 275 ரூபாய் வாங்கினார்கள். நகல் வாங்கியவர்கள்தான் மறுமதிப்பீட்டுக்குப் போக முடியும். அதற்குப் பெரும்பாலான பாடங்களில் 505 ரூபாய். நகலைப் பாட ஆசிரியரிடம் காட்டி, அவர் ஆமாம் என்றால் மட்டும் அடுத்த காசைக் கட்டுங்கள். மறுமதிப்பீட்டில் மதிப்பெண் குறையவும் வாய்ப்பு உண்டு. ஒரு பாடம் போய்விட்டால் உடனே துணைத்தேர்வு இருக்கிறது. அதே வருடம் கல்லூரியில் சேரலாம். விண்ணப்பம் பள்ளி வழியாகத்தான், அதுவும் ரிசல்ட் வந்த சில நாட்களிலேயே. அழுதுகொண்டு வீட்டில் இருந்துவிட்டால் தேதி போய்விடும். தோழிக்கோ நண்பனுக்கோ அப்படி ஆனால் நீங்களாவது கூட்டிக்கொண்டு போங்கள்.

பொறியியல் கலந்தாய்வுப் பதிவுக்கு 500 ரூபாய், எஸ்.சி., எஸ்.சி.ஏ. (அருந்ததியர்), எஸ்.டி.க்கு 250. அரசு கலைக் கல்லூரிகளுக்கு இணையத்தில் 48 ரூபாய் விண்ணப்பம், 2 ரூபாய் பதிவு, எஸ்.சி., எஸ்.டி.க்கு 2 ரூபாய் மட்டும். இந்த 50 ரூபாயைப் பொறியியல் கிடைக்கும் என்று நம்புகிறவர்களும் கட்டிவிடுங்கள். கும்பகோணம் அரசு ஆடவர் கல்லூரி, தஞ்சை சரபோஜி, குந்தவை நாச்சியார், மன்னார்குடி ராஜகோபாலசுவாமி, திருவாரூர் திரு.வி.க. என்று நம்மைச் சுற்றியே இருக்கின்றன. கேட்ட பாடத்துக்கு முதல் கலந்தாய்விலேயே இடம் நிரம்பிவிடும்.

டி.சி.யைக் கையில் வாங்கியதும் அங்கேயே நின்று படியுங்கள். பெயர், பிறந்த தேதி, சாதி, பயிற்று மொழி, மேற்படிப்புக்குத் தகுதி பெற்றாரா என்ற கட்டம், அங்க அடையாளம், பள்ளி முத்திரை, தலைமையாசிரியர் கையெழுத்து. பயிற்று மொழிக் கட்டத்தில் தமிழ் என்று இருக்கிறதா என்று இரண்டு முறை பாருங்கள். பிழை இருந்தால் அன்றைக்கே மாற்றிவிடலாம். நூலகப் புத்தகத்தை அதற்கு முன்பே திருப்பிக் கொடுத்திருங்கள். அரசுப் பள்ளியில் டி.சி.க்கென்று பணம் கேட்டால் ரசீது தருவீர்களா என்று மரியாதையாகக் கேளுங்கள். பெரும்பாலும் பேச்சு அங்கேயே முடிந்துவிடும்.

9. காகிதத்தை மழையிலிருந்தும் லேமினேஷனிலிருந்தும் காப்பாற்றுங்கள்

2018 நவம்பரில் கஜா புயல் வந்தபோது வேதாரண்யம், பட்டுக்கோட்டை பக்கம் ஓடு பறந்த வீடுகளில் டிரங்குப் பெட்டிக்குள் இருந்த சான்றிதழ்கள்கூட ஊறிப்போயின. ஜிப் போட்ட பிளாஸ்டிக் உறையில் வைத்து, தரையில் வைக்காமல் உயரத்தில் வையுங்கள். ஒவ்வொன்றையும் ஸ்கேன் செய்து உங்கள் மின்னஞ்சலுக்கே அனுப்பிக்கொள்ளுங்கள், டிஜிலாக்கரிலும் சேருங்கள்.

அசலை லேமினேட் செய்யாதீர்கள். பின்பக்கம் முத்திரை வைக்கவோ குறிப்பு எழுதவோ வேண்டி வந்தால் பிரிக்க முடியாது, பிரித்தால் எழுத்து கூடவே வந்துவிடும்.

கல்லூரியில் சேரும் நாளில் பல இடங்களில் அசலை வாங்கி வைத்துக்கொள்வார்கள். கொடுப்பதற்கு முன் ஒவ்வொன்றிலும் பத்து நகல் எடுத்துக்கொள்ளுங்கள். எந்தெந்த அசலைக் கொடுத்தீர்கள் என்று ஒரு வெள்ளைத்தாளில் பட்டியல் எழுதி, வாங்குகிறவரிடம் தேதியோடு கையெழுத்து வாங்கி வையுங்கள். பாதியில் வேறு கல்லூரிக்கு மாற நேர்ந்தால் இந்தத் தாளைக் காட்டித்தான் கேட்க முடியும்.